மௌனமாய்ப் பணிசெய்யும் இருவர்



வேதபுத்தகத்தில் 'உள்ளிந்திரியங்கள்' என்னும் சொல்லை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். சங்கீதங்களிலும் எரேமியாவின் புத்தகத்திலும் அது வருகிறது. எபிரெய மூலத்தில் அவ்விடங்களில் உள்ள சொல்லின் நேர்ப்பொருள் சிறுநீரகங்கள் என்பதாகும். லேவியராகமத்தில் பலிகளைக் குறித்து வரும்போது அதே சொல் 'குண்டிக்காய்கள்' என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. மனிதனுடைய மறைவான எண்ணங்களின் இருப்பிடமாகப் பண்டைய எபிரெயர் சிறுநீரகத்தைக் கருதினர். மறைவாய் இருந்து பணிசெய்யும் அந்த உறுப்பைக் குறித்து இம்மாதம் அறிந்துகொள்வோம்.

உடலின் கழிவுகள் பல வழிகளில் வெளியேறுகின்றன. கரியமில வாயுவை நுரையீரல் வெளியேற்றுகிறது. தோல் வியர்வையை வெளியேற்றுகிறது. நாம் உண்ணும் புரதம் சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருளைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. அந்த யூரியாவை இரத்தத்திலிருந்து நீக்கும் பொறுப்பு சிறுநீரகங்களுடையது.

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. அளவில் சிறியவையானாலும், இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்குமே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. நெஃப்ரான் என்பது மிக நுண்ணிய வடிகட்டியும், அதைத் தொடர்ந்து செல்லும் நுண்குழலும் சேர்ந்த ஓர் அமைப்பு.

சிறுநீரகம் கழிவை மட்டும் தேடிப் பொறுக்கி வெளியே எறிகிறது என்று நாம் எண்ணுகிறோம். அதன் முறையோ வேறு. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் என்ன செய்கிறோம்? பெட்டி, பாத்திரம், பாய் யாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து, வேண்டியவற்றை மட்டும் மறுபடியும் உள்ளே எடுத்துவைக்கிறோம். மீதி குப்பைக்குப் போகிறது. சிறுநீரகமும் அப்படியே செய்கிறது. இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் நிறுத்திக்கொண்டு நீர், உப்பு, சர்க்கரை, யூரியா ஆகியவற்றை நுண்குழலுக்குள் வடியவிடுகிறது. இவ்வாறு ஒரு நாளில் வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் 99 சதவீதம் திரும்ப இரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. ஆரோக்கியமானவருடைய உடலில் சர்க்கரை முழுவதும் மீட்கப்படுகிறது. மீதியாகிய ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராகச் சிறுநீர்ப்பையை அடைகிறது.

இதனோடு அதன் பணி முடிவதில்லை. இரத்த அழுத்தத்தைச் சீராக்குவதும், சிவப்பணுக்கள் உண்டாவதற்கான ஹார்மோனைச் சுரப்பதும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி'யைச் செயல்படத்தக்கதாக மாற்றுவதும் சிறுநீரகமே. ஆகையால்தான் அது பழுதாகும்போது இரத்தசோகையும் எலும்புத் தளர்ச்சியும் சேர்ந்து வருகின்றன.

பிரியமானவர்களே, அழிந்துபோன நெஃப்ரான் மறுபடியும் முளைப்பதில்லை. மீந்திருப்பவை அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கின்றன. எனவே சிறுநீரகத்தின் செயல்திறன் பாதியளவு குறைந்த பின்னும் வலி இராது, சோர்வு இராது, மனிதன் வழக்கம்போல் வேலைக்குச் செல்வான். பாதம் வீங்கி, முகம் ஊதி, உணவு வெறுத்து மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பல்வலியைப்போல இது முன்கூட்டியே சத்தமிடுவதில்லை.

சிறுநீரகத்தை இவ்வாறு மௌனமாய் அழிப்பவற்றுள் முதன்மையானவை சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் ஆகும். இரண்டுமே அந்த நுண்ணிய வடிகட்டிகளைச் சேதப்படுத்துகின்றன. உடல் நன்றாயிருக்கிறது என்று எண்ணி இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்கள் அநேகர். ஜெபித்தபின் மாத்திரையை எறிந்துவிடுவதே விசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். பவுல் தன் உடன் ஊழியனாகிய லூக்காவை வைத்தியன் என்று பிரியத்தோடு குறிப்பிட்டதை இவர்கள் நினைவுகூர வேண்டும். சுகம் பெற்றவர் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பிழைப்புக்காக ஊரைவிட்டு மும்பை, டில்லி போன்ற நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு வேறு சில ஆபத்துகளும் உண்டு. ஒரே பொதுக் கழிப்பறைக்குப் பலர் வரிசையில் நிற்கும் குடியிருப்புகளில், அவ்வரிசைக்கு அஞ்சியே நம் சகோதரிகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். வாகனம் ஓட்டுகிறவர்களும் சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து கல் உண்டாக ஏதுவாகும். அடக்கிவைப்பதனால் கிருமித்தொற்று எளிதாகும். அது மேலேறிச் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். சிறுநீர் இளமஞ்சள் நிறமாயிருக்கும் அளவுக்குத் தண்ணீர் அருந்துவது நல்லது. ஆனால் சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கைக்கொள்ள வேண்டும். நீரும் அருந்தாமல் உபவாசிக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகளும் முதலில் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

மூட்டை சுமந்து, கட்டிட வேலை செய்து, இரவில் உடல்வலி தாளாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வெயிலில் உடல் நீரிழந்த வேளையில் அவை மிகுந்த தீங்கு செய்யும்.

முற்றிலும் செயலிழந்தால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகமே வழி. ஹாலந்து தேசத்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப், 1943-இல் போர்க்காலத்தில் முதல் டயாலிசிஸ் இயந்திரங்களுள் ஒன்றை அமைத்தார். நம் தேசத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாய் நடந்தது. ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கியது. இவையெல்லாம் நன்மைகளே. ஆயினும் வழக்கமாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டிருப்பது தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரும் பாரமாகும்.

அந்தப் பாரம் வராதபடி காக்க எளிய வழி உண்டு. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் யார்? அவருக்கு இரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் செய்யுங்கள். அரசு மருத்துவமனையிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம். ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளிப்போடாதிருங்கள். வலிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவருக்குச் சிறுநீரகம் வலியைக் காட்டாமலே போய்விடக்கூடும்.