ஆய்வேட்டைச் சடங்காக்கியவர் யார்?

மருத்துவ முதுநிலைப் படிப்பில் ஆய்வேடு என்பதே வீண் சடங்கு, அதை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அனுபவித்துத்தான் சொல்கிறார்கள். பழைய ஆய்வேடு ஒன்றில் ஊரையும் ஆண்டையும் மாற்றி, மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து நூறு பேரைக் கணக்கெடுத்து, பைண்டு செய்து ஒப்படைப்பதற்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டியிருக்கிறோம். ஆயினும் இந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

1985இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் எம்.டி. பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் கிருமி இங்கே உண்டா என்று தேடச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். மும்பையில் எடுத்த நூற்றுக்கணக்கான மாதிரிகளிலேயே எதுவும் அகப்படாத காலம். சென்னையிலா கிடைத்துவிடப் போகிறது! மாணவிக்கே முதலில் மனமில்லை. பிறகு பாலியல் தொழிலாளர்களைத் தேடிச் சென்று எண்பதுக்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைத்தார். சென்னையில் சோதிக்க வசதியில்லை. 1986 பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அன்றைய எலிசா சோதனை வைரஸைக் காட்டாது, உடல் அதை எதிர்த்து உண்டாக்கிய எதிர்ப்புரதத்தைத்தான் காட்டியது. ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதற்கான முதல் சான்று ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காக எடுத்த இரத்தத்தில் இருந்தது.

விடை தெரியாத கேள்வியை ஆசிரியர் கொடுத்தார் என்பதுதான் இதில் முக்கியம். ஆறும் தெளிவாகவே இருந்திருந்தாலும் அது ஆய்வேடுதான். இன்றைய வழிகாட்டிகள் பலர் மாணவரிடம் முதலில் கேட்பது, "ஆறு மாதத்தில் முடியுமா?" என்பதே. தொற்றுநோயியலில் இதைவிடப் பெரிய அபத்தம் வேறில்லை. கிருமி நம் தேர்வு அட்டவணையைப் பார்த்துப் பரவுவதில்லை.

நிர்மலாவின் கதையிலும் ஒரு நெருடல் உண்டு. எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்தார்கள். இன்று நெறிமுறைக் குழு இதை அனுமதிக்காது. அது சரியும்கூட. ஆனால் ஒப்புதல் படிவத்தையும் கைரேகை வாங்கும் சடங்காக்கிவிட்டோமே! எதிர்ப்புரதம் என்றால் என்ன என்று எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவர் மொழியில் சொல்லப் பழகுவதும் நோயெதிர்ப்பியல் பயிற்சிதான். எந்தப் பாடத்திட்டத்தில் அதற்கு மணிக்கணக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்? (அந்த ஆறு பெண்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதை நான் படித்த பாராட்டுக் கட்டுரைகள் எதுவும் பொருட்படுத்தவில்லை.)

ஆய்வேட்டை ஒழிக்கக் கோருபவர்கள், அதற்குமுன் தங்கள் துறையில் கடந்த பத்தாண்டில் வழிகாட்டிகள் கொடுத்த தலைப்புகளை ஒருமுறை வரிசையாக வாசித்துப் பார்க்கட்டும்.