கதவு மூடிய பின்னும் வேலைதான்

மாணவர்களே, சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உங்களுள் சிலர் புடவைக் கடையிலோ பலசரக்குக் கடையிலோ வேலைக்குச் செல்லக்கூடும். பல கடைகளில் இரவு எட்டு மணிக்குக் கதவு மூடப்படும். ஆயினும் துணி மடித்து, கூட்டிப் பெருக்கி, கணக்கு முடிய எட்டே முக்கால் ஆகிவிடும். அந்த முக்கால் மணித்தியாலத்துக்குச் சம்பளமில்லை. "ஒரு உதவிதானே" என்பர் முதலாளிமார். அது உதவியன்று, வேலையே என்பது எனது கருத்து.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரத்துக்கு 45 மணித்தியாலமுமே சாதாரண வேலை நேரமாகும். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தல் வேண்டும். கணக்குப் பாருங்கள்: தினமும் முக்கால் மணித்தியாலம், வாரத்தில் 6 நாள், நான்கு வாரத்தில் 18 மணித்தியாலம். ஒன்றரை மடங்கில் அது 27 மணித்தியாலச் சம்பளம்! மூன்று நாட் சம்பளத்துக்கும் அதிகம்.

சிறிய கடைகளுக்கு இது கட்டாது என்பாருமுளர். கட்டாவிடின் எட்டு மணிக்கே அனுப்பிவிடலாமே. நீங்கள் வேலைக்குச் சேரும் நாளிலிருந்தே வந்த நேரத்தையும் போன நேரத்தையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். தொழில் திணைக்களத்தில் முறையிட நேர்ந்தால் கையிற் காட்ட அதுவாவது இருக்கும்.