தோற்கத் தெரிந்தவர்கள்

"அதெல்லாம் பொய்ச் சண்டை அல்லவா?" என்று கேட்காத இலக்கிய நண்பர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. கம்பனையும் தஸ்தாயெவ்ஸ்கியையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்கள், என் அலமாரியில் மல்யுத்தக் குறுந்தட்டுகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, நோய் விசாரிக்கிற தோரணையில் விசாரிப்பார்கள். ரோலான் பார்த் 1957இல் வெளியான தன் 'மிதாலஜிஸ்' நூலின் முதல் கட்டுரையையே மல்யுத்தத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார் என்றால் சற்று அடங்குவார்கள். (பிரெஞ்சுக்காரர் சொல்லிவிட்டால் நம்மிடையே எதுவும் செல்லுபடியாகும்.) ஆனால் எனக்கு இந்தக் கலையை விளங்கவைத்தவர் பார்த் அல்லர், என் பெரியப்பா.

தொண்ணூறுகளின் பின்பகுதி. உயரம், எடை, மார்பளவு, வென்ற சண்டைகள் என்று அச்சிட்ட டிரம்ப் அட்டைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமே சூதாடிய காலம். பெரியப்பா பாரதக் கூத்துப் பைத்தியம். எந்த ஊரில் பதினெட்டாம் போர் நடந்தாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னோடு அரைமணி நேரம் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜெயிக்கிறவன் என்னடா, கையத் தூக்கினா ஆச்சு. விழறான் பாரு, அவன்தான் ஆட்டக்காரன். துரியோதனன் வேசக்காரன் சரியில்லன்னா படுகளமே எடுபடாதுடா."

அதற்குப்பின் நான் பார்த்த ஒவ்வொரு சண்டையையும் இந்த அளவுகோலால்தான் அளந்து வந்திருக்கிறேன்.

பொய் என்ற குற்றச்சாட்டை முதலில் கழித்துவிடுவோம். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் வின்ஸ் மக்மஹோனின் நிறுவனமே, இது விளையாட்டுப் போட்டியன்று, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. உண்மையின் மீதுள்ள பற்றினால் அன்று. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காக. துரியோதனன் தொடையில் அடிபட்டு விழுவான் என்பது கூத்துக்கு வருகிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் பாய் கொண்டுவந்து விரிக்கிறோம்.

என் கட்சியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவற்றில் ஆகச்சிறந்த சண்டை 1997 மார்ச் 23 அன்று, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டில் நடந்த ரெசில்மேனியா 13இல் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதியது. ஒருவர் வாய்விட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் சண்டை முடியும் என்பது விதி. ஹார்ட் நல்லவர், கனடாவின் செல்லப்பிள்ளை, நேர்மையான கைத்திறன்காரர். ஆஸ்டின் வாய்த்துடுக்குள்ள முரடன். இருபது நிமிடங்களுக்குமேல் பார்வையாளர் வரிசைகளிலும் மேடையிலுமாக அடித்துக்கொண்டபின், ஹார்ட் தன் புகழ்பெற்ற 'ஷார்ப்ஷூட்டர்' பிடியில் ஆஸ்டினின் கால்களைப் பின்னி முதுகை வளைக்கிறார். ஆஸ்டினின் நெற்றி பிளந்து முகம் முழுக்க ரத்தம், பல்லிடுக்குகளிலும் ரத்தம். (நிறுவனத்தில் அப்போது ரத்தத்துக்குத் தடை. இருவரும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு செய்தது.) அவர் அலறுகிறார், பிடியை ஒருமுறை ஏறக்குறைய உடைக்கிறார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியே மயங்கிவிடுகிறார். நடுவர் கென் ஷாம்ராக் சண்டையை நிறுத்துகிறார்.

மேதைமை என்று நான் சொல்வது இதற்கடுத்து வரும் சில நிமிடங்களை. வென்ற ஹார்ட் மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடியும் உதைக்கிறார். ஷாம்ராக் அவரை இழுத்துத் தள்ளுகிறார். இத்தனை ஆண்டுகள் அவரைக் கொண்டாடிய கூட்டம் ஊளையிடுகிறது. ஆஸ்டின் விழித்தெழுகிறார், தாங்க வந்த நடுவர் ஒருவரையும் அடித்துத் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே தானாக நடந்து போகிறார். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. உள்ளே வரும்போது நல்லவனாக வந்தவன் வில்லனாகவும், வில்லனாக வந்தவன் நாயகனாகவும் வெளியேறுகிறார்கள். ஒரு வசனமில்லை. பெருமிதம், வெகுளி, இளிவரல் என்று தொல்காப்பியர் மெய்ப்பாடுகளைப் பிரித்துப் பெயரிட்டாரே, அவை ஒரே உடலில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதை இங்கே பார்க்கலாம். அடுத்த சில ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் வளமே ஆஸ்டினின் இந்தத் தோல்வியின் மேல் எழும்பியதுதான்.

அதே ஹார்ட் அதே ஆண்டு நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் தோற்க மறுத்தார். போட்டி நிறுவனத்துக்கு மாறிப்போகிறவர். சொந்த நாட்டு மக்கள்முன், தனக்குப் பிடிக்காத ஷான் மைக்கேல்ஸிடம் பட்டத்தை இழக்க மனமில்லை. சண்டை முடிவின்றிக் கலையும் என்று பேசிவைத்திருந்தார்கள். ஆனால் மைக்கேல்ஸ் அவரையே ஷார்ப்ஷூட்டரில் பிடித்த கணத்தில், அவர் ஒப்புக்கொண்டதாகச் சொல்லி மணியை அடிக்கவைத்தார் மக்மஹோன். ஹார்ட் முதலாளியின் முகத்தில் காறி உமிழ்ந்தார். யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் இன்றுவரை கட்சிகட்டுகிறார்கள். பட்டத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவது தொழில் தர்மம் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கலை நிற்பது ஒரேயொரு நம்பிக்கையில்: என் கழுத்தை உன் கையில் தருகிறேன், நீ திருப்பித் தருவாய். அந்த நம்பிக்கையை முதலாளியே மேடையில் வைத்து முறித்ததை என்னால் ஒப்ப முடியவில்லை. நான் ஹார்ட் கட்சி.

கழுத்து என்று உவமைக்காகச் சொல்லவில்லை. மாண்ட்ரியலுக்கு மூன்று மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 3 அன்று சம்மர்ஸ்லாமில் பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட், ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி இறக்கிய 'பைல்டிரைவர்' தப்பிப்போனது. ஆஸ்டினுக்குக் கைகால் உணர்வே போய்விட்டது. வெல்ல வேண்டியவரோ அவர். ஓவன் என்ன செய்தார்? கூட்டத்தைப் பார்த்துக் கேலி செய்தபடி மேடையில் உலாவி நேரத்தை ஓட்டினார். ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பெயருக்கு அவரைப் பின்னாலிருந்து சுருட்டினார். ஓவன் விழுந்துகொடுத்தார். இதைவிட அவலட்சணமான முடிவை நான் பார்த்ததில்லை. இதைவிட என்னை உலுக்கிய முடிவையும் பார்த்ததில்லை. இரண்டாண்டு கழியுமுன், 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வேடிக்கைக் காட்சிக்காக நின்ற ஓவன், எழுபது அடிக்கும் மேலான உயரத்திலிருந்து மேடையில் விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள்.

பழையவற்றில் எல்லோரும் சொல்வது 1987 மார்ச் 29, பாண்டியாக் அரங்கில் ஹல்க் ஹோகன் ஆந்த்ரே தி ஜயண்டைத் தூக்கிப்போட்டது. கைத்திறன் என்று பார்த்தால் மட்டமான சண்டை. ஆந்த்ரே யாராலும் தூக்கப்படாதவர் என்பதும் கட்டுக்கதை. 1980இல் ஹோகனே ஒருமுறை தூக்கியிருக்கிறார். 93,173 பேர் வந்ததாக அறிவித்த கணக்கிலும் வழக்கு உண்டு. ஆனாலும் நான் ஆந்த்ரேயை மட்டும் பார்க்கிறேன். முதுகு அறுவைசிகிச்சைக்குப் பின், நிற்கவே முடியாத வலியோடு, தன்னைத் தூக்கவிட்டு இன்னொருவனை வீரனாக்கிய மனிதர். தூக்குவதற்குத் தோள் போதும்; அந்த எடையோடு, அந்த முதுகோடு விழச் சம்மதிப்பது வேறு. அதே இரவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் நடத்திய பதினைந்து நிமிடச் சண்டைதான் கைத்திறனில் மேல் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். சாவேஜ் ஒவ்வோர் அசைவையும் தாளில் எண் போட்டு எழுதி, ஸ்டீம்போட்டை மனப்பாடம் ஒப்பிக்கச் சொல்வாராம். அந்தச் செதுக்கல் தெரிகிறது. எனக்கு அது சற்று அதிகமாகவே தெரிகிறது.

புதியவற்றைக் குறைசொல்லும் கிழவனாக நான் இன்னும் ஆகவில்லை. 2015இல் புரூக்ளினில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் மோதியதைப் பார்த்தபின், பெண்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிய பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எவருக்கு நாக்கு வரும்? ஜப்பானில் கஸுசிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 2017, 2018இல் மோதிய நான்கு சண்டைகளும் உடலால் இவ்வளவு முடியுமா என்று வியக்கவைப்பவை. விமர்சகர் டேவ் மெல்ட்சர், ஐந்து நட்சத்திர அளவுகோலில் முதலாவதற்கு ஆறும் கடைசியானதற்கு ஏழும் கொடுத்தார். (நூற்றுக்கு நூற்றைம்பது போடும் வாத்தியார்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.) என் தேர்வு 2017 ஜூனில் ஒசாகாவில் அறுபது நிமிடம் ஓடி வெற்றி தோல்வியின்றி முடிந்த இரண்டாவது சண்டை. நடுவில் ஒமேகா அடிபட்டுத் தள்ளாடும்போது, அவரது அணியின் கோடி ரோட்ஸ் வெள்ளைத் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போகிறார். மற்ற தோழர்கள் தடுக்கிறார்கள். கதைப்படி கோடி அங்கே நல்லவர் அல்லர். ஆனால் அந்தக் கணத்தில் அரங்கிலேயே அவர் ஒருவர்தான் என் மனத்தில் இருந்ததைச் செய்ய முயன்றார் என்று தோன்றியது.

ஏனென்றால் ஜப்பானிய மல்யுத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் மிட்சுஹாரு மிசாவா. 2003 மார்ச் 1 அன்று புடோகான் அரங்கில் கென்டா கொபாஷியுடன் அவர் மோதியதை நண்பர் ஒருவர் படியெடுத்துத் தந்த தட்டில் பார்த்தேன். நுழைவுப் பாதை மேடையின் விளிம்பிலிருந்து மிசாவா, கொபாஷியைப் பின்னால் வளைத்துத் தரையில் வீசுகிறார். இருவரும் தலைக்குப்புற விழுகிறார்கள். நான் கைதட்டினேன்; நண்பர்களை அழைத்துக் காட்டினேன். இரண்டாம் முறை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினேன். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், எத்தனையோ ஆயிரம் முறை வாங்கிய சாதாரணமான ஒரு வீச்சில் விழுந்த மிசாவா எழவேயில்லை. வயது 46. இருபதாண்டுகளாகச் சேர்ந்த கடனை அந்தக் கழுத்து ஒரே இரவில் கட்டியது. அந்தக் கடனில் என் கைதட்டலுக்கும் பங்குண்டா என்ற கேள்வியை நான் இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

1998இல் அண்டர்டேக்கர் பதினாறடிக் கூண்டின் உச்சியிலிருந்து மிக் ஃபோலியை வீசியதை இப்போது நான் பார்ப்பதில்லை. ஃபோலி பின்னாளில் எழுத்தாளராகவும் வெற்றிபெற்றார், நலமாக இருக்கிறார், ஆகவே குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. பலிக்கவில்லை. ஆனால் 2022 ஜூனில், மார்புத் தசை முழுதாகக் கிழிந்து ஒரு பக்கமே கருநீலமாகிவிட்ட உடலோடு கோடி ரோட்ஸ் அதே கூண்டுக்குள் சேத் ராலின்ஸை எதிர்த்து நின்றபோது என்ன செய்தேன்? இருக்கையின் நுனிக்கு வந்தேன். அவர் மேலங்கியைக் கழற்றிய கணத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 2024 ஏப்ரலில் அவர், 1,316 நாட்கள் பட்டத்தை வைத்திருந்த ரோமன் ரெய்ன்ஸை வீழ்த்தி, தந்தை டஸ்டி ரோட்ஸுக்கு அந்த நிறுவனத்தில் கிடைக்காத பட்டத்தைத் தூக்கிப் பிடித்தபோது கண்ணும் கலங்கியது. திருந்திய ரசிகன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.

பெரியப்பாவின் பேரன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். கைப்பேசியில் மல்யுத்தம் பார்க்கிற தலைமுறை. பழைய சண்டைகளில் எதைப் பார்க்கலாம் என்று கேட்டான். எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்து வந்து, பட்டியலில் இல்லாத ஒன்றைத் தானாகவே தேடிப் பார்த்ததாகச் சொன்னான்: 2004 மார்ச், நியூயார்க்கில் நடந்த ரெசில்மேனியா 20இன் கடைசிச் சண்டை. மூவர் மோதியது. "பிரமாதம் சித்தப்பா, இத ஏன் எழுதல?" என்றான். பிரமாதம்தான். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த, உயரம் குறைந்த, பேச்சு வராத ஒருவர், ஷான் மைக்கேல்ஸையும் டிரிபிள் ஹெச்சையும் எதிர்த்துப் பட்டத்தை வெல்கிறார். காகிதத் துணுக்குகள் மழையாய்ப் பொழிகின்றன. பட்டத்தோடு அழுகிறார். நண்பர் எட்டி கெரேரோ வந்து கட்டிக்கொள்கிறார். அந்த இரவில் நானும் அழுதவன்.

"யாரு சித்தப்பா அவரு? இப்ப அவரப்பத்தி யாரும் பேசறதே இல்லையே?"

கிறிஸ் பென்வா என்றேன். 2007 ஜூனில் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் தூக்கிட்டுக்கொண்டதைச் சொன்னேன். பின்னர் அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் அது கடுமையாகச் சிதைந்திருந்ததாகச் சொன்னதையும் சொன்னேன். அது காரணமா, காரணத்தில் ஒரு பங்கா, வெறும் சமாதானமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அந்தக் குழந்தைக்கு அதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நிறுவனம் அவர் பெயரை உச்சரிப்பதையே நிறுத்திவிட்டதன் காரணத்தையும் விளக்கினேன்.

அவன் வெகுநேரம் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டிப்பிடிச்சு அழுதாரே, அவரு?"

"அவர் 2005லயே போயிட்டாருப்பா. முப்பத்தெட்டு வயசு."