கஷாயம் காத்திருக்கட்டும், கர்ப்பிணி காத்திருக்கக் கூடாது!

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சளி, இருமல், காய்ச்சல் வந்துவிட்டால் எங்கள் பாளையம்பட்டிப் பக்கம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது கஷாயப் பொடியைத்தான். "ஊசி, மாத்திரையெல்லாம் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. இது மூலிகைதானே, என்ன செஞ்சிடப் போகுது?" என்பார்கள். சித்த மருத்துவக் கல்லூரியில் முறையாகப் படித்து, நாடி பிடித்துத் தலை நரைத்த நான் சொல்கிறேன்: கொரோனா விஷயத்தில் இந்த எண்ணம் ஆபத்தானது!

கபசுரக் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 சரக்குகள் சேர்ந்தது. 2020-ல் தமிழ்நாடு முழுக்கத் தெருத் தெருவாகக் கொடுத்தார்கள். அதிலுள்ள ஆடாதோடை சளியை இளக்கும். ஆனால் அதே ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருள் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை உடையது. நிலவேம்பும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய சரக்கு. மூலிகைக்கு வேகம் உண்டு என்று நம்புகிற நாம், அந்த வேகம் கருவையும் தொடும் என்பதை மட்டும் ஏன் மறந்து போகிறோம்?

கஷாயத்தைவிடப் பெரிய ஆபத்து, அதை நம்பிக் காத்திருப்பது. வயிறு வளர வளர உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. பிராணவாயுவின் தேவையோ கூடுகிறது. ரத்தம் உறையும் தன்மையும் அதிகமாகிறது. இந்த நிலையில் நுரையீரலில் சளி கட்டினால் நிலைமை சீக்கிரம் கைமீறும், குறைப்பிரசவமும் ஏற்படலாம். 2021-ன் இரண்டாம் அலையில் இதை நாடே பார்த்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதித்ததே அந்த ஆண்டு ஜூலையில்தான்.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. கிருமி போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆகவே அன்று வாங்கிய ஆக்ஸிமீட்டரை அலமாரியிலிருந்து எடுங்கள்; பேட்டரி மாற்றுங்கள். நகப்பாலிஷைத் துடைத்துவிட்டு, விரலை ஆட்டாமல் வைத்துப் பாருங்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போகக் கூடாது. பேசும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், உதடு நீலம் பாரிப்பது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை நமக்குப் பக்கம்தான். தீவிர சிகிச்சைக்கு விருதுநகருக்கோ மதுரைக்கோ அனுப்ப நேர்ந்தால்? திருச்சுழிக்கு அப்பாலிருந்து வருபவர்களுக்கு வழியிலேயே நேரம் கரைந்துவிடுமே!

மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைப்பார்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவார்கள். பிராணவாயு தேவைப்படும் நிலையில் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். வயிற்றை மறைத்து மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். "பிள்ளைக்கு ஆகாது" என்று மறுக்காதீர்கள். தாய்க்கே மூச்சு முட்டினால் சேய்க்கு மூச்சு எங்கிருந்து வரும்? கொரோனா என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. தாயின் நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். பிரசவத்துக்குப் பின், தாயின் உடல்நிலை இடம் கொடுத்தால், முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவி, தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. நோய் தணிந்து வீடு திரும்பியவளுக்கு இளஞ்சூட்டில் கஞ்சி, பாசிப்பருப்பு, கீரை, நல்ல ஓய்வு என்று உடம்பைத் தேற்றுவதில் எங்கள் பங்கு பெரிது. மருந்து தேவையானால், கர்ப்பம், பால் கொடுக்கும் காலம் எல்லாவற்றையும் சொல்லி, படித்த சித்த மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். தன் எல்லை தெரிந்த வைத்தியம்தான் நல்ல வைத்தியம்.

மாமியார்மார்களே, அம்மாமார்களே! கொரோனா பரவுகிற சமயத்தில் வளைகாப்புக்கு ஊரைக் கூட்டாதீர்கள். இருமுகிற விருந்தாளி எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் எட்டியே இருக்கட்டும். கூட்டத்தில் போகும்போது கர்ப்பிணி முகக்கவசம் அணியட்டும். தடுப்பூசி பற்றி மகப்பேறு டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது ஓர் உயிர் அல்ல, இரண்டு!