ஆப்-ல எழுதுறதும் ஒரு தொண்டுதான்



தைப்பூசத்துக்குப் பால்குடம் பதிய, அர்ச்சனைக்குப் பணம் கட்ட இப்போ பல ஆலயங்கள்ல ஆப் வந்துடுச்சு. நல்லதுதான். ஆனா அதுல உள்ள எழுத்து யாருக்காக?

“சமர்ப்பி”ன்னு ஒரு பட்டன். ஒரு வயசான அம்மா எங்ககிட்ட கேட்டாங்க, “தம்பி, சாமிக்கு எதைச் சமர்ப்பிக்கணும்?” “5 வெள்ளி கட்டவும்”னு போட்டிருந்தா அந்தக் கேள்வியே வராது.

“தவறான உள்ளீடு”ன்னு சிவப்புல வந்தா பயந்து போனை மூடிடறாங்க. “போன் நம்பர்ல ஒரு எண் குறையுது”ன்னா அவங்களே சரி பண்ணிடுவாங்க. பணம் கட்டினதும் “பணம் கிடைத்தது, மறுபடியும் கட்ட வேண்டாம்”னு ஒரு வரி போதும். ரெண்டு தடவை கட்ட மாட்டாங்க.

எங்கள்ல சிலர் ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. மெஷின்ல ஒட்டின குறிப்பு புது ஆளுக்குப் புரியலன்னா கை போயிடும். இங்கே கை போகாது. “கோயில் இனி நமக்கு இல்ல”ன்னு பெரியவங்க மனசு ஒதுங்கிடும்.

நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒண்ணுதான். ஆப் வெளிவர்றதுக்கு முன்னாடி அஞ்சு பாட்டிமார் கையில கொடுங்க. பக்கத்துல நின்னு பாருங்க, சொல்லிக் கொடுக்காதீங்க. விரல் எங்கே தயங்குதோ, அந்த வரியை மாத்துங்க.