பற்று அட்டையை நீக்குதல்

சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றிருந்த ஒரு மாலையில், கழிவு போக 1,180 ரூபாய்க்கு நூல்கள் வாங்கினோம். கைப்பையிலிருந்து அட்டையை எடுக்கும் சிரமம் எதற்கென்று திறன்பேசியைக் கருவியின்மீது காட்டினோம். ஒலி எழுந்தது, சீட்டு வந்தது, அடுத்த அரங்கிற்கு நகர்ந்தோம். பத்து நிமிடங்கள் கழிந்திருக்கும், திருச்சியிலிருந்து தங்கை அழைத்தாள்.

"அண்ணா, அம்மா இப்பத்தான் புத்தகம் வாங்கியிருக்காங்க."

எம் தாயார் மறைந்து அப்போது ஐம்பது நாள்கூட ஆகவில்லை. அவருடைய செல்பேசி தங்கையிடம் இருந்தது. வங்கியின் குறுஞ்செய்தி அதற்குத்தான் சென்றிருக்கிறது. தாயார் நோயுற்றிருந்த காலத்தில் மருந்துக் கடைக்கும் பரிசோதனை நிலையத்துக்கும் நாம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவரே கடவுச்சொல்லைப் படித்துச் சொல்ல, அவருடைய பற்று அட்டையை நம் திறன்பேசியில் சேர்த்திருந்தோம். அதன்பின் அதை நீக்கவில்லை. முதன்மை அட்டையாகவும் அதுவே நின்றுவிட்டது. 2021 ஜனவரி முதல் 5,000 ரூபாய் வரை தொடுமுறைச் செலுத்தலுக்கு இரகசிய எண் தேவையில்லை என்பதால், நம்மைத் தடுத்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார் எவருமில்லை.

தொகை சிறிது. ஆனால் செயல் சிறிதன்று. இறந்தவரின் கணக்கிலிருந்து அவருடைய அட்டையால் பணம் எடுக்கும் உரிமை மக்களுக்கும் இல்லை. நியமனதாரராகப் பெயர் கொடுக்கப்பட்டவரேகூட வாரிசுகள் அனைவரின் சார்பில் பெற்றுக்கொள்பவரே அன்றி உடைமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. எம் தங்கை சிரித்துக்கொண்டே கேட்டாள். வேறு குடும்பத்தில், வேறு தங்கை, வேறு விதமாகக் கேட்டிருக்கக்கூடும். சொத்து விவகாரங்கள் உடன்பிறந்தாரைப் பிரிப்பது நாம் அறியாததன்று. அவை பெரும்பாலும் இவ்வாறான சின்னத் தொகைகளில்தான் தொடங்குகின்றன.

அன்றிரவு விடுதி அறையில் அமர்ந்து மின்பணப்பையைத் திறந்து பார்த்தோம். ஐந்து அட்டைகள் இருந்தன. ஒன்று சம்பளக் கணக்கினுடையது. இன்னொன்று, 2020 ஏப்ரல் முதல் நாளன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டபோது பெயரிழந்த ஒரு வங்கியினுடையது; காலாவதியாகிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூன்றாவது, கல்லூரி வாயிலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஓர் இளைஞரின் முகத்தைப் பார்த்து மறுக்க மனமின்றி வாங்கிய கடன் அட்டை. நான்காவதை எதற்காகச் சேர்த்தோம் என்பது நினைவில் இல்லை. ஐந்தாவது தாயாருடையது.

எம் பாட்டியின் சுருக்குப்பையில் இவ்வளவு குழப்பம் இருந்ததில்லை. வெற்றிலை, பாக்கு, நாலணா, எட்டணா, ஒரு சாவி. எது உள்ளே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடுவார். கனத்தால் அறியப்படும் பை அது. நம் பைக்குக் கனமே இல்லை; ஐந்து அட்டைகளும் ஐம்பது அட்டைகளும் அதற்கு ஒன்றுதான். ஆகவே எதையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை.

வேண்டாத அட்டை அங்கே கிடந்தால் என்ன, உண்மையான எண்தான் அதில் இல்லையே என்று கணினித் துறை நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. திறன்பேசியில் அட்டையைச் சேர்க்கும்போது நம் பதினாறு இலக்க எண்ணுக்கு மாற்றாக வேறோர் எண் உருவாக்கப்படுகிறது. டோக்கன் என்பது அதன் பெயர். கடைக்காரரின் கருவிக்குச் செல்வது அந்த டோக்கன்தான். இந்திய ரிசர்வ் வங்கி இம்முறையை 2019 ஜனவரியில் அனுமதித்தது. பின்னர் இணைய வணிகத்துக்கும் நீட்டித்து, 2022 அக்டோபர் முதல் நாளிலிருந்து வணிக நிறுவனங்கள் அட்டை எண்ணைத் தம்மிடம் சேமித்து வைக்கவே கூடாது என்றாக்கியது. திருட்டுக்கு எதிரான நல்ல ஏற்பாடு இது, ஐயமில்லை. ஆனால் புத்தகக் காட்சியில் நடந்தது திருட்டு அன்று. நம் கையே, நம் கைவிரல் ரேகையே, தவறான கணக்கைத் திறந்தது. அதற்கு டோக்கன் என்ன செய்யும்?

சரி, நீக்கிவிடலாம் என்று முனைந்தபோதுதான் இன்னொரு சிக்கல் புலப்பட்டது. நீக்குதல் என்பது ஒரு செயல் அன்று. அட்டையைத் தொட்டு, அதன் விவரப் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளிகளின் பின்னாலோ பக்கத்தின் அடியிலோ ஒதுங்கியிருக்கும் நீக்கும் கட்டளையைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினால், அந்தத் திறன்பேசியிலுள்ள டோக்கன் மட்டும் அழிகிறது. செயலியை நடத்தும் நிறுவனத்திடம் நாம் வைத்திருக்கும் கணக்கில் அதே அட்டை தனியே பதிவாகியிருக்கலாம்; அதை அங்கே சென்றுதான் எடுக்க வேண்டும். இணையக் கடைகளிலும் தொடர் சந்தாக்களிலும் கொடுத்தவை வேறு வேறு டோக்கன்கள்; பணப்பையிலிருந்து எடுத்ததால் அவை நிற்பதில்லை. இவை எல்லாவற்றுக்கும் அப்பால் அட்டை வங்கியில் உயிரோடுதான் இருக்கிறது. கடன் அட்டையானால் ஆண்டுக் கட்டணமும் வந்துகொண்டிருக்கும்.

தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாம் பயன்படுத்தும் செயலிகளின் தமிழ் முகப்பில் அகற்று, நீக்கு, துண்டி, அழி என்னும் சொற்கள் விருப்பம்போல் மாறி மாறி வருகின்றன. எதை அகற்றுகிறோம், எங்கிருந்து அகற்றுகிறோம் என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். "இந்தக் கருவியிலிருந்து மட்டும் நீக்கப்படும், உங்கள் வங்கி அட்டை தொடர்ந்து செயல்படும்" என்று சொல்ல எத்தனை எழுத்துகள் ஆகும்? சேர்க்கும் பக்கத்தில் வண்ணமும் வாழ்த்தும் பரிசுக் கூப்பனும் பொழிபவர்கள், நீக்கும் பக்கத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சொற்சிக்கனம் காட்டுகிறார்கள்? விடை தெரியாத கேள்வி அன்று இது. (பற்று அட்டை என்னும் நல்ல மொழிபெயர்ப்பை ஆக்கியவர் கணக்கேட்டின் பற்று வரவை மட்டுமே நினைத்திருப்பார். அச்சொல்லின் மற்றப் பொருள் அன்றிரவு நமக்கு வேண்டாமலே நினைவுக்கு வந்தது.)

விதிகள் நம் பக்கமே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எந்தெந்த வணிகரிடம் நம் அட்டைக்கு டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைக் காட்டவும், வேண்டாததை நாமே நீக்கவும் அட்டை வழங்கிய வங்கி வழிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரில் ஆணையிட்டது. வங்கிச் செயலி, இணைய வங்கி, தொலைபேசி, கிளை ஆகியவற்றுள் ஒன்றிலேனும் அந்த வசதி இருந்தாக வேண்டும். கடன் அட்டையை மூடக் கோரினால், நிலுவை ஏதும் இல்லாத நிலையில், ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் நெறிமுறை. நம் சக ஆசிரியர்கள் பதினொருவரிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் இவ்விரண்டும் தெரியவில்லை. நமக்கும் அந்த இரவுக்கு முன் தெரியாது. விதியை எழுதுவது ஒன்று. வங்கிச் செயலியின் ஏழாவது உள்ளறையில் இருக்கும் அப்பட்டியலை முதற்பக்கத்துக்குக் கொண்டுவருவது வேறொன்று. பின்னதைக் கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம்.

முதியோரின் அட்டையைப் பிள்ளைகள் தம் திறன்பேசியில் சேர்த்துக்கொள்வது இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. கூடாது என்று சொல்ல மாட்டோம். மருத்துவமனைக் காசாளர் முன் நிற்கும்போது அறிவுரை உதவாது. ஆயினும் அப்படிச் சேர்த்ததை உடன்பிறந்தார் அனைவருக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. அதனை முதன்மை அட்டையாக ஒருபோதும் வைக்கக் கூடாது. காரியங்கள் முடிந்து இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வாரத்திலேயே அதை எடுத்துவிட வேண்டும். வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பது அதைவிட முக்கியம். தெரிவித்தால் வங்கியே அட்டையை முடக்கிவிடும். நம் மறதிக்கு அதன்பின் இடமில்லை. நாம் தெரிவிக்காமல் நாளைத் தள்ளியதற்குச் சோம்பல் ஒரு காரணம். கணக்கு மூடப்பட்டால் மாதந்தோறும் அவர் பெயரில் வரும் அந்தக் குறுஞ்செய்தியும் நின்றுவிடும் என்பது இன்னொன்று. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்றிரவு நான்கு அட்டைகளை நீக்கினோம். முதல் மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான்காவதற்குத் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீக்கினோம். 1,180 ரூபாயை அவளுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னோம்.

"அது அம்மா உனக்கு வாங்கிக் கொடுத்ததா இருக்கட்டும் அண்ணா" என்றாள்.

மறுவாரம் இருவரும் வங்கிக்குச் சென்று உரிமை கோரும் படிவத்தை நிரப்பினோம். பணம் வந்ததும் பங்கு பிரித்த தாளில் அந்தத் தொகையை எம் பெயருக்கு எதிரே பற்று என்று எழுதிக் கழித்துக்கொண்டோம்.