தகப்பனுக்கும் ஒரு பாய்

எமது அரசாங்க வைத்தியசாலைகளில் பிரசவ விடுதி பெரும்பாலும் பல தாய்மார் அருகருகே படுத்திருக்கும் ஒரே மண்டபமாகும். இரவில் ஆண்களை அங்கு தங்கவிடாதது நியாயமே. ஆனால் வெளியூரிலிருந்து வந்த கணவர் எங்கே படுப்பது?

முன்னர் தாயோ சகோதரியோ துணைக்கு நின்றனர். இடப்பெயர்வு உறவுகளைச் சிதறடித்தபின், பல குடும்பங்களில் கணவர் ஒருவரே துணை. கடைசி பஸ்ஸும் போனபின் அவர் விறாந்தையில் முடங்குகிறார். அல்லது காவலாளி வெளியே அனுப்பிவிடுகிறார். பிரசவத்தின் பின்னான ஆபத்தான இரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துள்ளேயே ஏற்படும். அவ்வேளை அவர் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல: வைத்தியசாலை வளவுக்குள் ஒரு கொட்டகை, பாய், குடிநீர், மலசலகூடம். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதனை எழுத்தில் கேட்கட்டும். அனுமதி கிடைத்தால் சிரமதானமாக நாமே கட்டலாம். கொட்டகை போடுவது எமது கைகளுக்குப் புதிதல்லவே!